வாசிப்பின் மறுபாதி

புதினம் என்றதும் தடித்த நூலே பலரின் நினைவுக்கு வரும். ஆயினும், ஓரிரு நாளில் வாசித்து முடிக்கத்தக்க சிறிய புதினங்கள் இன்று உலகமொழிகள் பலவற்றிலும் சிறப்பிடம் பெற்றுள்ளன. அளவில் சிறியவை என்பதால் அவற்றை எளியவை எனக் கருதலாகாது. பெரிய புதினம் விரித்துரைப்பதைச் சிறிய புதினம் குறிப்பால் உணர்த்திச் செல்கிறது. அது சொல்லாமல் விட்டதை உணரும் பொறுப்பு வாசகருடையது. தனித்து வாசித்தல் அப்பணியின் ஒரு பாதி. பிறரோடு கலந்துரையாடல் மறுபாதி.

அயர்லாந்து எழுத்தாளர் கிளேர் கீகனின் ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’ (2021) இதற்குத் தக்க சான்று. கதை நிகழும் ஆண்டு 1985. நிலக்கரி வணிகரான பில் ஃபர்லாங், கன்னியர் மடத்தின் நிலக்கரிக் கிடங்கில் அடைக்கப்பட்டிருந்த இளம்பெண் ஒருத்தியைக் காண்கிறார். அம்மடத்தைப் பகைத்துக்கொள்ள ஊரார் அஞ்சுகின்றனர். ஃபர்லாங்குக்குப் பெண்மக்கள் ஐவர். அவர்களின் கல்வியும் அக்கன்னியரின் தயவைச் சார்ந்தது. எனினும், இறுதியில் அவர் அப்பெண்ணைத் தம் வீட்டிற்கு அழைத்துச் செல்கிறார். பின்னர் நேர்ந்ததைக் கூறாமலே புதினம் முடிகிறது.

இக்கதையின் பின்புலம் கற்பனையன்று. ‘மக்தலேன் சலவையகங்கள்’ எனப்பட்ட இத்தகைய இல்லங்களில் பெண்கள் ஊதியமின்றி உழைத்தனர். அவற்றுள் கடைசி இல்லம் 1996இல்தான் மூடப்பட்டது. அயர்லாந்து அரசு 2013இல் மன்னிப்புக் கோரியது.

ஃபர்லாங் செய்தது சரியா? மனிதநேயமே பெரிது என ஒரு மாணவர் கூறலாம். தம் மக்களின் எதிர்காலத்தைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை உண்டா என இன்னொருவர் வினவலாம். ஃபர்லாங்கின் தாயும் மணமாகாமலே அவரைப் பெற்றவர் என்பதையும், கைம்பெண் ஒருவர் அடைக்கலம் தந்ததால்தான் தாயும் மகனும் வாழ்ந்தனர் என்பதையும் மூன்றாமவர் நினைவூட்டலாம். அந்நொடியில் விவாதத்தின் திசையே மாறிவிடும்.

பிற நாட்டுப் படைப்புகளும் இவ்வாறே பேச்சுக்கு இடமளிக்கின்றன. தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் ‘தி வெஜிடேரியன்’ (2007), புலால் உண்பதைக் கைவிட்ட ஒரு பெண்ணைப் பற்றியது. அதன் மூன்று பகுதிகளும் கணவர், அக்காளின் கணவர், அக்காள் ஆகியோரின் பார்வையில் அமைந்தவை. அவளுக்கெனத் தனிப்பகுதி இல்லை. விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதிய ‘காச்சர் கோச்சர்’, திடீர்ச் செல்வம் ஒரு பெங்களூருக் குடும்பத்தை எவ்வாறு மாற்றியது என்பதைக் காட்டி, அச்சமூட்டும் ஐயத்தோடு முடிகிறது.

வாசிப்பு தனிமைக்குரியது, விவாதம் அதன் அமைதியைக் குலைக்கும் என்பர் சிலர். நூலை வாசிக்காமல் கதைச்சுருக்கத்தை மட்டும் அறிந்து பேசினால் அக்கூற்று பொருந்தும். ஒவ்வொருவரும் முழுமையாக வாசித்து, தம் கருத்துக்குரிய பக்கத்தைச் சுட்டிப் பேசினால், ஒருவர் காணாததை மற்றவர் காட்டுவார். கருத்து மாறுவதும் அங்கே தோல்வியாகாது.

ஊரார் வாய்மூடி இருந்ததே அக்கிடங்கின் கதவு பூட்டியே கிடந்ததற்குக் காரணம். அக்கதையை வாசித்தவரும் வாய்மூடி இருத்தல் முறையன்று.