தாம்பூலப் பையில் என்ன கொடுப்பது?

கல்யாணச் செலவில் கடைசியாக நினைவுக்கு வருவது தாம்பூலப் பை. பந்தல், ஜவுளி, சாப்பாடு எல்லாம் பேசி முடித்தபின், வந்தவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று டவுனுக்குப் போய் 300 பிளாஸ்டிக் டப்பாவும், மணமக்கள் பெயர் அச்சிட்ட 300 பையும் வாங்கி வருகிறார்கள். சிறு விவசாயி வீட்டில் அதுவும் கடன் கணக்கில்தான் ஏறுகிறது. டப்பா சில மாதத்தில் உடைகிறது. பை காற்றில் பறந்து வரப்போரம் சேருகிறது. மேய்ச்சலுக்குப் போன மாடு அதைத் தின்றால் வயிற்றில் செரிக்காமல் தங்கிவிடுகிறது. கடனும் வாங்கி, மாட்டுக்கும் கேடு தேடிக்கொள்வது என்ன சிக்கனம்?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை உள்ளது. அதனால் 'துணிப்பை' வாங்கிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். நெய்யாமல் அழுத்திச் செய்த அந்தப் பளபளப்புப் பை துணியல்ல. அதுவும் பிளாஸ்டிக்தான், தடைப் பட்டியலிலும் உள்ளது. ஓர் ஓரத்தைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பருத்தி சாம்பலாகும்; இது உருகிச் சுருளும். பருத்தி மஞ்சப்பைக்கு விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் ஆளுக்கு ஒன்று என்றில்லாமல் வீட்டுக்கு ஒன்று கொடுத்தால் செலவு கட்டுப்படும்.

பைக்குள் வைப்பதற்குக் கடைக்கே போக வேண்டியதில்லை. விவசாயியிடம் விதை இருக்கிறது, நாற்று வளர்க்கும் கைப்பழக்கம் இருக்கிறது. கல்யாணத் தேதியோ மாதக் கணக்கில் முன்பே தெரிகிறது.

முதலில் சொல்லத்தக்கது செடிமுருங்கை. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 ரகத்தை விதை மூலமே வளர்க்கலாம். முற்றிய காய் ஒன்றில் சுமார் 15 விதை இருக்கும். முளைக்காதது, வாடியது போக 300 கன்று தேற வேண்டுமானால் 400 விதை ஊன்ற வேண்டும். 30 நெற்றுப் போதும். ஒரு மாதத்தில் கன்று கொடுக்கத் தயாராகிவிடும். நட்டால் ஆறேழு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். விதைக்கன்று தாய்ச்செடியை அப்படியே ஒத்திருக்காது என்பது உண்மைதான். வீட்டுக் குழம்புக்கு அது பெரிய குறையல்ல.

பப்பாளி கொடுப்பவர்கள் ரகம் பார்க்க வேண்டும். கோ. 2 போன்ற ரகங்களில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. ஒரே கன்றைப் பெற்றுச் செல்லும் உறவினருக்கு ஆண் மரம் வாய்த்தால், பூ உண்டு, பழம் இல்லை! கலப்பில்லாத கோ. 7 விதையில் அந்தச் சங்கடம் வராது.

கன்றை மீண்டும் பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொடுப்பதில் அர்த்தமில்லை. கொட்டாங்கச்சி, வாழைப்பட்டை, பனையோலைக் கொட்டான் எதுவும் ஆகும். கொட்டாங்கச்சியில் அடியில் துளை வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் அதில் வைத்தால் வேர் சுருண்டுவிடும்.

ஆவணி, ஐப்பசிக் கல்யாணத்துக்குத்தான் கன்று பொருந்தும். வைகாசி வெயிலில் பஸ்ஸில் போகும் கன்று வீடு சேருவதற்குள் வாடிவிடும். அப்போது விதையே மேல். அவரை, புடல், சுரை, பாகல் விதைகளை நன்றாகக் காயவைத்துக் காகிதப் பொட்டலமாகக் கொடுத்தால் ஆடிப்பட்டத்துக்கு உதவும். வீரிய ஒட்டு ரகக் காயிலிருந்து எடுத்த விதை ஆகாது. அடுத்த தலைமுறையில் குணம் மாறும். வேப்பம் விதையும் கறிவேப்பிலை விதையும் பொட்டலத்துக்கு ஏற்றவையல்ல. சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும் என்பதால் அவற்றைக் கன்றாகவே கொடுக்க வேண்டும்.

'விதைப் பொட்டலம் கொடுத்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?' என்ற தயக்கம் பல வீடுகளில் உண்டு. வெற்றிலை பாக்கும் தேங்காயும் இருக்கும்வரை தாம்பூலத்துக்குக் குறைவில்லை. அவையும் நிலத்தில் விளைந்தவைதானே! டப்பாவுக்கு ஆகும் பணம் மிச்சமானால் அடுத்த போகத்து உரத்துக்காவது ஆகும்.

பொட்டலத்தின் மேல் விதையின் பெயர், எடுத்த மாதம், விதைக்கும் பட்டம் மூன்றையும் எழுதிவிட வேண்டும். வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்தால் ஒரு மாலையில் 300 பொட்டலமும் எழுதி முடித்துவிடுவார்கள்.