கொண்டாட்டப் படத்தில் ஓர் இடம்

பழைய புகைப்படம் ஒன்று கைக்குக் கிடைத்தால் நாம் முதலில் முகங்களைத்தான் பார்க்கிறோம். படம் எடுத்த பிறகு அந்த மனிதர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பவர் குறைவு. அப்படிக் கேட்டே ஆக வேண்டிய படம் ஒன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. 1888ஆம் ஆண்டு டெட்வுட் என்ற தங்கச் சுரங்க நகரில் ஜான் கிராபில் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த படம் அது. படத்தில் இருப்பவர்கள் சீனர்கள். தீயணைப்புக் குழாய் வண்டியை இழுத்து ஓடும் பந்தயத்தில் வென்ற அணியினர்.

டெட்வுட் அன்று டக்கோடா பிரதேசத்தின் எல்லைப்புற ஊர். 1874இல் அங்குள்ள கரிய குன்றுகளில் தங்கம் இருப்பது தெரியவந்தது. 1876இல் பள்ளத்தாக்கில் ஊர் முளைத்துவிட்டது. தங்கம் தேடி வந்தவர்களோடு சீனர்களும் வந்தார்கள். சுரங்க வேலை செய்தார்கள், துணி வெளுத்தார்கள், உணவகமும் மளிகைக் கடையும் நடத்தினார்கள். பலகை வீடுகள் நெருங்கி நின்ற அந்த ஊரை 1879இல் பெருந்தீ விழுங்கியது. அத்தகைய ஊரில் தீயணைப்பு அணி என்பது உயிர்நாடி. எனவே சுதந்திர தினமான ஜூலை 4இல் குழாய் வண்டிப் பந்தயமும் கொண்டாட்டத்தின் ஒரு பகுதியானது. இரண்டு அணிகள் சக்கரத்தோடு சக்கரமாக வண்டி இழுத்து ஓட வேண்டும்.

வென்ற அணியைக் கிராபில் படமெடுத்து, ‘அமெரிக்காவின் வாகை சூடிய சீனக் குழாய் அணி’ என்ற பொருளில் தலைப்பிட்டார். எவ்வளவு அழகான தலைப்பு! பல இனத்தவர் வாழ்ந்த ஊர், அனைவரும் பங்கேற்ற விழா, சீனருக்கும் அமெரிக்க வாகைப் பட்டம் என்று மகிழ்ந்துவிட்டு நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

ஆனால், அந்த ஓட்டக்காரர்கள் அமெரிக்கக் குடிமக்களாக ஆக முடியாது. 1882இல் இயற்றப்பட்ட சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் புதிதாக நாட்டிற்குள் வருவதைத் தடுத்தது; ஏற்கெனவே வந்திருந்தவர்களுக்கும் குடியுரிமை பெறும் வழியை அடைத்தது. 1885இல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் 28 சீனத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டனர். டெட்வுட் பந்தயம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1888 அக்டோபர் 1ஆம் நாள் இன்னொரு சட்டம் கையெழுத்தானது. ஊருக்குப் போய்த் திரும்பலாம் என்று அரசாங்கமே சீனத் தொழிலாளர்களுக்குக் கொடுத்திருந்த சான்றிதழ்கள் அன்றோடு செல்லாமல் போயின. அந்தச் சான்றிதழை நம்பித் தாயகம் சென்றிருந்த ஏறத்தாழ 20,000 பேருக்குக் கதவு அடைபட்டது. கப்பலில் திரும்பி வந்துகொண்டிருந்தவர்களும் தப்பவில்லை. விலக்குச் சட்டம் நீக்கப்பட்டது 1943இல்தான்.

அப்படியானால் அந்தப் படம் பொய்யா? சிலர் அப்படித்தான் சொல்வார்கள். வேடிக்கைக்காகச் சீனர்களை ஓடவிட்டார்கள் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் உண்மையாகவே ஓடினார்கள், உண்மையாகவே வென்றார்கள். அந்த வெற்றியை அவர்களிடமிருந்து பறிக்க நாம் யார்? குறை படத்தில் இல்லை. படத்தை மட்டும் காட்டி, “பாருங்கள், எல்லாரும் ஒன்றாகத்தானே இருந்தோம்” என்று பேச்சை முடித்துக்கொள்வதில்தான் இருக்கிறது. விழா நாளில் வரிசையில் ஓர் இடம் தருவது எளிது. விழா முடிந்த மறுநாள் சட்டத்தில் ஓர் இடம் தருவதுதான் கடினம்.

அந்தப் படத்தில் இடமே பெறாதவர்களும் உண்டு. கரிய குன்றுகளை 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழி லகோட்டா மக்களுக்கென்று ஒதுக்கியிருந்தது அமெரிக்க அரசு. தங்கம் கிடைத்ததும் அந்த வாக்கு காற்றில் பறந்தது. 1980இல் உச்ச நீதிமன்றம் அந்நிலத்துக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. லகோட்டா மக்களோ பணம் வேண்டாம், நிலம்தான் வேண்டும் என்று மறுத்துவிட்டார்கள். ஒருவருக்குக் கொண்டாட்டமான நாள் இன்னொருவருக்கு எதை நினைவூட்டும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கோ இருக்கும் டெட்வுட்டைப் பற்றி நமக்கென்ன கவலை என்று நண்பர்கள் கேட்கலாம். நம் தலைநகரமும் ஈயம் தேடி வந்தவர்களால் 1857இல் முளைத்த சுரங்க ஊர்தான். நம் வீடுகளிலும் விழாப் படங்கள் இருக்கின்றன: தோட்டத்துத் திடலில் கொடியேற்றம், பந்தய ஓட்டம், கோப்பையோடு நிற்கும் தாத்தா. அந்தத் தாத்தாவின் சட்டைப்பையில் இருந்தது நீல அடையாள அட்டையா, சிவப்பு அட்டையா? இந்த மண்ணில் உழைத்தும் சிவப்பு அட்டையோடு கண்மூடியவர்கள் நம் குடும்பங்களில் இல்லையா? 1969இல் வேலை அனுமதி கேட்கப்பட்டபோது, பத்திரம் இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் பலர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்களே, அவர்களும் அதற்கு முன் ஏதோ ஒரு விழாப் படத்தில் சிரித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்தானே?

கிராபிலின் தலைப்பில் பந்தயத்தின் பெயர் இருக்கிறது. ஊரும் தேதியும் இருக்கின்றன. ஓடியவர்களில் ஒருவரின் பெயர்கூட இல்லை. நாம் அந்தத் தவற்றைச் செய்ய வேண்டாம். அடுத்த விடுமுறையில் வீட்டிற்குச் செல்லும்போது பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய படங்களின் பின்புறம் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி வையுங்கள். அதன்பின் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் கேட்டு எழுதுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.