கைப்பேசி நம் கையில், கல்லாப்பெட்டி யார் கையில்?

அச்சு ஊடகம் சாகிறது, தொலைக்காட்சி தேய்கிறது என்று ஊடக முதலாளிகள் ஒப்பாரி வைக்கிறார்கள். தோழர்களே, அந்த ஒப்பாரியில் நாம் ஏன் சேர வேண்டும்?

2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம் நினைவிருக்கிறதா? காவல் நிலையத்துக்கு விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட எளிய மக்களின் பற்கள் பிடுங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டைத் தமிழ்நாடெங்கும் கொண்டு சேர்த்தவை, பாதிக்கப்பட்டவர்கள் வாயைத் திறந்து காட்டிப் பேசிய காணொளிகள். அவை கைப்பேசிகளில் பரவின. மார்ச் 29 அன்று உதவிக் காவல் கண்காணிப்பாளர் பல்வீர் சிங் பணியிடை நீக்கம் செய்யப்படுவதாக முதலமைச்சரே சட்டமன்றத்தில் அறிவிக்க நேர்ந்தது.

இதே அம்பை வட்டாரத்து மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக 1999 சூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் போனவர்களைக் காவல்துறை அடித்து விரட்டியது. தாமிரபரணியில் 17 பேர் பிணமானார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையும் அதில் உண்டு. மூழ்கிச் செத்தார்கள் என்றது அரசு. அன்று நம்மவர் கையில் கேமரா இல்லை. ஒருசில பத்திரிகைப் புகைப்படங்களும் ஆர்.ஆர். சீனிவாசனின் ஆவணப்படமும்தான் அரசின் கதைக்கு எதிர்ச்சாட்சி சொல்லின.

செய்தி அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கே உண்டு. 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் ஆய்வு செய்த 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. அந்த அறையின் கதவை உடைத்தது கைப்பேசி. சரி, மகிழ்வோம்.

ஆனால் கதவை உடைத்ததும் வீடு நமதாகிவிட்டதா?

2024 சனவரியில் அதே அதிகாரியின் பணியிடை நீக்கம் விலக்கிக்கொள்ளப்பட்டது. பல் பிடுங்கிய கதையைப் பல லட்சம் பேருக்குப் பகிர்ந்த நம்மில் எத்தனை பேர் இதைப் பகிர்ந்தோம்? வழக்கு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அதிர்ச்சிக்குப் பார்வைகள் குவியும், வாய்தாவுக்கு யார் குவிவார்கள்? ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீதிமன்றத்தில் போய் உட்காரும் செய்தியாளருக்கு யூடியூப் சம்பளம் தராது.

அதே கைப்பேசிதான் அரிவாள் படத்தோடு 'ஆண்ட பரம்பரை' ரீல்ஸையும் நம் பிள்ளைகளிடம் கொண்டு வருகிறது. 2025 சூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டபோது, கொலையாளியைக் கொண்டாடிப் பதிவுகள் வந்தன. அழுகையானாலும் ஆணவமானாலும், பார்க்கிற கண் ஒன்றுதான் அந்த நிறுவனங்களுக்கு வேண்டும். நாளேட்டு முதலாளிக்குப் போன விளம்பரக் காசு இன்று கூகுளுக்கும் மெட்டாவுக்கும் போகிறது. முதலாளி மாறினான், கல்லாப்பெட்டி நம் பக்கம் வரவில்லை. 2020 சூன் 29 அன்று அரசு ஒரே ஆணையில் டிக்டாக்கை முடக்கியது. அதில் பேர் வாங்கியிருந்த உழைக்கும் மக்கள் ஒரே இரவில் மேடை இழந்தார்கள். இரவல் மேடை அவ்வளவுதான்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. ஏழையும் கொடுக்கக்கூடிய ஒரு பைசா. கொடுத்தவனுக்கு அது தன் பத்திரிகை.

இன்று நாம் மாதாமாதம் ரீசார்ஜுக்குத் தவறாமல் காசு கட்டுகிறோம். நம் செய்திக்கு மட்டும் லைக் போட்டுவிட்டு நகர்கிறோம். சாதி எதிர்ப்பு இதழ் ஒன்றுக்குச் சந்தா கட்டுங்கள். நாலு நண்பர்கள் சேர்ந்து உங்கள் ஊர் வன்கொடுமை வழக்கு ஒன்றைத் தத்தெடுத்து, தீர்ப்பு வரும்வரை ஒவ்வொரு வாய்தாவையும் எழுதுங்கள். அம்பையில் பல்லை இழந்தவர் கேமரா முன் வாயைத் திறந்தது நாம் ஒருநாள் அதிர்ச்சி அடைவதற்காக அல்ல.