பங்களா நாயும் லயத்து நாயும்

மனத்துயருக்குத் துணையாக நாய் வளர்க்க விரும்பும் அமெரிக்கக் குடியிருப்பாளர், அதற்கொரு கடிதம் தரும்படி உளவளத்துணையாளரிடம் கேட்பதுண்டு. காசுக்குக் கடிதம் விற்போர் பெருகவே, கலிபோர்னியா மாநிலம் 2022இல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: கடிதம் எழுதுபவர் அம்மனிதரை முப்பது நாளாவது அறிந்திருக்க வேண்டும். நியாயமான விதிதான்.

இதை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ சொன்னால், "சோற்றுக்கே வழியில்லை, நாய்க்குக் கடிதமா?" என்று படித்தவர்களே சிரிப்பார்கள். இச்சிரிப்பை நான் வெறுக்கிறேன். பிள்ளைகள் கொழும்புக்குப் பிழைக்கப் போய்விட, பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் தனித்துக் கிடக்கும் கிழவிக்குத் துயரமே கிடையாதா? துரைமார் பங்களாவில் நாய் வளர்த்தபோது எந்த வைத்தியரின் சான்று கேட்கப்பட்டது?

ஆயினும், கேட்டவுடன் கடிதம் எழுதிக் கைகழுவும் உளவளத்துணையாளரையும் நான் ஏற்கமாட்டேன். அமெரிக்கக் கடிதத்துக்குப் பின்னால் வீட்டுரிமைச் சட்டம் நிற்கிறது. நமக்கு வெள்ளையன் 1873இல் தந்த மனநோய்க் கட்டளைச் சட்டமோ, மனிதரை அடைத்துவைக்கும் வழிகளைத்தான் வகுத்தது. எனவே அவர் அந்தக் காம்பராவுக்கே நடந்து போகட்டும். நாய் அவளுக்கு என்ன செய்கிறது, அவள் நோயில் விழுந்தால் அதற்கு யார் சோறிடுவார், விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா, அடுத்த காம்பராக் குழந்தைகள் அஞ்சுகிறார்களா என்றெல்லாம் கேட்கட்டும். பிறகு எழுதட்டும்: நாயைப் பற்றி ஒரு வரி, அந்த லயத்தைப் பற்றிப் பத்து வரி.