நெடுவழிக்குத் துணை வேண்டும்

விளையாட்டு என்றதும் பதக்கமும் பரிசுக் கோப்பையும் செய்தித்தாளில் வெளிவரும் நிழற்படமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயிரம் பேர் ஓடினால் ஒருவர் வெல்வார். ஏனையோர் அனைவரும் தோற்றவர் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும், முதலிடம் பெறும் நோக்கம் சிறிதுமின்றி ஆண்டு முழுவதும் பயிற்சி செய்வோர் சிலர் நம்மிடையே உள்ளனர். பகலெல்லாம் அலுவலகத்திலும் கடையிலும் பள்ளியிலும் உழைக்கும் இவர்கள், நீச்சலும் மிதிவண்டி ஓட்டமும் கால் ஓட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக இடைவிடாது நிகழும் 'டிரையத்லான்' என்னும் முப்போட்டிக்குத் தம்மை ஆயத்தம் செய்கின்றனர். இவர்களது வாழ்க்கை முறையிலிருந்து நம் சமுதாயம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு என்பதே நமது துணிபு.

இப்போட்டி தோன்றிய வரலாறு சுவையானது. 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்க நாட்டின் சான் டியாகோ நகரில், மிஷன் விரிகுடாவின் கரையில், இவ்வகைப் போட்டி ஒன்று நடந்தது. 46 பேர் அதனை முடித்தனர். அதில் பங்குகொண்ட ஜான் காலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரி பின்னர் ஹவாய்த் தீவுகளில் பணியாற்றினார். நீந்துபவர் வலியரா, ஓடுபவர் வலியரா என்ற வாதம் அங்கே எழுந்தது. அத்தீவில் தனித்தனியே நடந்துவந்த மூன்று நெடுந்தூரப் போட்டிகளையும் ஒரே நாளில் இணைத்துவிட்டால் விடை தெரிந்துவிடும் என்றார் காலின்ஸ். 3.8 கிலோமீட்டர் கடல் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டிப் பயணம், அதன்பின் 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என அமைந்த அப்போட்டி 1978 பிப்ரவரி 18 அன்று நடைபெற்றது. புறப்பட்டவர் 15 பேர். முடித்தவர் 12 பேர். முதலில் வந்த கார்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி.

அன்றைய நிகழ்ச்சி ஒன்று நாம் சொல்லவந்த கருத்துக்கு அரண் செய்கிறது. மிதிவண்டியை விட்டிறங்கி ஓடத் தொடங்கியபோது முன்னணியில் இருந்தவர் ஜான் டன்பார் என்பவர். போட்டியாளருக்கு வேண்டிய நீரும் உணவும் அவரவர் துணைக் குழுவினரிடமே இருந்தன. டன்பாரின் குழுவினரிடமோ இடைவழியில் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. வெற்றி வாய்ப்பிருந்த அவர் இரண்டாமவராகவே வந்து சேர்ந்தார். உடல் வலிமையும் நெஞ்சுரமும் எத்துணை இருப்பினும் நெடுவழியில் துணையின்றி ஒருவன் செல்லவியலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இன்று இப்போட்டிக்குப் பழகும் ஓர் எளிய மனிதரின் நாளைப் பார்ப்போம். விடியுமுன் எழவேண்டும். வாரத்தில் சில நாள் நீச்சல், சில நாள் மிதிவண்டி, சில நாள் ஓட்டம். மிதிவண்டியை விட்டிறங்கியவுடன் ஓடிப் பழகும் பயிற்சியும் உண்டு. அவ்வேளையில் கால்கள் தம்முடையன அல்ல என்பதுபோல் கனக்கும். பயிற்சியின் பெரும்பகுதி, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே செல்லக்கூடிய மெதுவான வேகத்திலேயே அமைகிறது. தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுதலும், இடையிடையே ஓய்வு கொள்ளுதலும் இன்றியமையாதன. வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் வெறும் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் தீங்காகும். அவசரக்காரருக்கு இவ்விளையாட்டில் இடமில்லை. பொறுமை என்னும் பண்பை உடலுக்குக் கற்பிக்கும் பள்ளி இது எனலாம்.

நம் சென்னை மாநகரிலும் இக்காட்சியைக் காண்கிறோம். கதிரவன் எழுமுன் மெரினாவிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் ஓட்டக் குழுவினர் கூடுகின்றனர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மிதிவண்டிகள் வரிசையாய்ச் செல்கின்றன. மருத்துவரும் கணினிப் பொறியாளரும் வங்கி ஊழியரும் கல்லூரி மாணவரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றனர். முன்னே சென்றவர் சாலையின் பள்ளத்தைக் கைகாட்டி உணர்த்துகிறார். பின்தங்கியவருக்காக ஒருவர் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். இன்று ஒருவர் வரவில்லையெனில் ஏன் வரவில்லை என்று வினவ நால்வர் இருக்கின்றனர். சோம்பலை வெல்லும் மருந்து அந்த வினவலே என்க.

இதனைக் கேட்கும் பெரியோர் சிலர், பல லட்சம் விலையுள்ள மிதிவண்டியில் செல்வந்தர் பொழுதுபோக்கும் விளையாட்டு இது என்று கூறலாம். விலையுயர்ந்த வண்டிகள் விற்கப்படுவது உண்மையே. எனினும் தொடங்குவதற்குச் சாதாரண மிதிவண்டியே போதும். ஓடுவதற்குச் சாலைக்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை.

குடும்பத்துக்குரிய நேரத்தை இது பறித்துவிடுகிறது என்பது மற்றொரு குறை. இக்குறையை நாம் மறுக்கவில்லை. ஞாயிறுதோறும் இல்லத்தாரை மறந்து சாலையிலேயே கழிப்பவரும், பதக்கங்களை எண்ணுவதற்காக மூட்டுகளைத் தேய்த்துக்கொள்பவரும் இல்லாமலில்லை. இறைவனுக்குரிய உரிமை, உடலுக்குரிய உரிமை, இல்லத்தாருக்குரிய உரிமை ஆகியவற்றை அவரவர்க்கு முறையாக வழங்குமாறு சல்மான் (ரலி) அவர்கள் தம் தோழர் அபூதர்தா (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியதும், அதனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உண்மையென ஏற்றதும் நாம் அறிந்த செய்தியே. உடலை வருத்தி வணங்கியவருக்குக் கூறப்பட்ட இவ்வறிவுரை, உடலை வருத்தி ஓடுபவருக்கும் பொருந்தும். உடலை முற்றிலும் மறந்து அமர்ந்திருப்பவருக்கு அதனினும் மிகுதியாகப் பொருந்தும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நிகழ்ந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. நம் தெருக்களில் இந்நோய் நுழையாத வீடு அரிது. உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வகுத்த நெறியின்படி, வளர்ந்தோர்க்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பே போதும். முப்போட்டியாளரின் உழைப்பில் இது ஒரு சிறு பங்கே. அனைவரும் 180 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டவேண்டுமென நாம் சொல்லவில்லை. அவர்களிடம் காணப்படும் ஒழுங்கும் தோழமையும் நம் மஹல்லாக்களில் வேரூன்ற வேண்டும் என்பதே நம் வேட்கை. சுபுஹுத் தொழுகைக்கு எழுபவர், முப்போட்டியாளருக்கு மிகக் கடினமான முதற்படியை ஏற்கெனவே கடந்துவிட்டார். பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்றவர் அப்படியே ஒரு மணி நேரம் சேர்ந்து நடந்தால் அதுவே ஒரு சங்கமாகிவிடாதா?

முதுமையைக் காரணம் காட்டுவோருக்கு ஒரு செய்தி. ஜப்பான் நாட்டின் ஹிரோமு இனாடா, பணி ஓய்வுக்குப் பின்னரே நீந்தப் பழகி, 70 வயதில் முப்போட்டியில் இறங்கினார். 2018இல், தமது 85ஆம் வயதில், ஹவாய்ப் போட்டியின் முழுத் தூரத்தையும் உரிய நேரத்துக்குள் கடந்து முடித்தார்.

நீச்சலைப் பற்றித் தனியே சொல்லுதல் வேண்டும். காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் அதிராம்பட்டினமும் கடலோடிகளின் ஊர்கள். மரக்கலமேறித் திரைகடல் கடந்தோரின் வழித்தோன்றல்களுள் எத்தனை பேருக்கு இன்று நீந்தத் தெரியும்? பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பியுங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் கூறியதாக ஒரு சொல் நம்மிடையே வழங்கிவருகிறது. நீரில் மூழ்கி இறப்பதைத் தடுக்கப் பள்ளிச் சிறாருக்கு நீச்சலும் நீர்ப்பாதுகாப்பும் கற்பிக்குமாறு உலக நலவாழ்வு நிறுவனம் 2014இல் தன் அறிக்கையில் வலியுறுத்தியது. சுற்றுலா சென்ற மாணவர் ஆற்றிலும் அருவியிலும் மாண்ட செய்தியைப் படித்து வருந்துவதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

பெண்மக்களையும் இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடியதை மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். நம் மாணவியர் ஓடுவதற்கு ஓர் இடம் அமைத்தோமா? ஈரான் நாட்டின் ஷிரின் ஜெராமி, உடலை முழுதும் மறைக்கும் உடைக்கு வழிவகை கண்டு, தம் நாட்டு அதிகாரிகளிடம் இசைவும் பெற்று, 2013இல் இலண்டனில் நடந்த உலகப் போட்டியில் தம் நாட்டின் முதல் முப்போட்டி வீராங்கனையாகக் களமிறங்கினார். 2016இல் ஹவாய்ப் போட்டியையும் முடித்தார். உடை ஒரு தடையன்று. இடமும் நேரமும் ஒதுக்க மனமில்லாமையே தடை என்பதை அவர் மெய்ப்பித்துவிட்டார்.

நாம் வேண்டுவன பெரியன அல்ல. கல்லூரித் திடல்கள் அதிகாலையில் திறந்திருக்கட்டும். மாணவியருக்கெனத் தனி நேரம் வகுக்கப்படட்டும். கடலோர ஊர்களின் கல்வி நிலையங்கள், தகுதிவாய்ந்த பயிற்சியாளரின் கண்காணிப்பில் நீச்சல் வகுப்பு நடத்தட்டும். பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர் அமையட்டும். ஆண்டுதோறும் பட்டிமன்றத்துக்கும் பாராட்டு விழாவுக்கும் செலவிடும் தொகையில் ஒரு பங்கு இதற்குப் போதுமானது. ஆசிரியப் பெருமக்கள் விசில் ஊதிவிட்டு நிழலில் நில்லாது, மாணவரோடு சேர்ந்து இரண்டு சுற்றாவது ஓடட்டும்.

மாணவச் செல்வங்களே! முதல் நாளில் ஒரு கிலோமீட்டர் போதும். உங்களுடன் வர ஒரு தோழரை அழைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வீட்டிலிருக்கும் தந்தையையும் எழுப்பிவிடுங்கள். குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு உவப்பானது என்பது நாயக வாக்கின் கருத்தன்றோ? நலமிக்க உடலும் தளராத உள்ளமும் நல்ல துணையும் வாய்க்கப்பெற்ற இளைய தலைமுறை உருவாக, எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!