பனை மரமா, புல்லா? பொருண்மை ஒப்புமை அளவீடு குறித்து

சொற்பொருள்களைப் படிநிலையாக அடுக்கி, அவற்றிடையேயுள்ள நெருக்கத்தை எண்ணால் குறிக்கும் முறைகள் கணினிமொழியியலில் பல உள. வூ, பால்மர் ஆகியோர் 1994இல் முன்வைத்த வாய்பாடு எளியது. இரு கருத்துகளையும் உள்ளடக்கும் மிக அண்மைப் பொதுக்கருத்தின் படியெண்ணை இரட்டித்து, அவ்விரு கருத்துகளின் படியெண் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். விடை 1ஐ நெருங்குமளவு ஒப்புமை மிகும். ஆனால், இவ்வெண் அளப்பது சொற்களின் உறவையா, அவற்றை அடுக்கியவரின் முடிவையா?

தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. உரையாசிரியர்கள் பனையையும் மூங்கிலையும் புல்லினத்தில் வைப்பர். உயிர் முதற்படி, நிலைத்திணை இரண்டாம் படி, மரமும் புல்லும் மூன்றாம் படி, பனை, மூங்கில், வேம்பு ஆகியன நான்காம் படி எனக் கொள்க. பனை–மூங்கில் ஒப்புமை 0.75, பனை–வேம்பு ஒப்புமை 0.5. இன்றைய வழக்கை ஒட்டிப் பனையை மட்டும் மரத்தின்கீழ் மாற்றினால், இவ்விரு எண்களும் அப்படியே இடம் மாறுகின்றன. வாய்பாட்டில் எதுவும் மாறவில்லை.

இக்கால வழக்கே போதுமான சான்று என்று முடித்துவிடவும் இயலாது. ‘பனைமரம்’ என்பவரே ‘பனையோலை’ என்கிறார், வேம்புக்கோ இலை. ஓலை, மடல், பாளை முதலியன புல்லுக்கும், இலை, முறி, தளிர் முதலியன மரத்துக்கும் உரியன என மரபியலே பிரித்துரைக்கிறது. ஆகவே பழைய பகுப்பு வழக்கில் இன்னும் உயிரோடிருக்கிறது. (மூங்கிலுக்கு இலை என்றே வழங்குவது இதனையும் சற்றுக் கலைக்கிறது.) தரவகத்தின் நிகழ்வெண்ணைச் சேர்த்துக் கணக்கிடும் ரெஸ்னிக்கின் 1995ஆம் ஆண்டு முறையும் பொதுக்கருத்தைப் படிநிலையிலிருந்தே பெறுவதால், இச்சிக்கலைத் தீர்ப்பதில்லை.

இந்திய மொழிச் சொல்வலைகள் பலவும் இந்திச் சொல்வலையின் கருத்துத் தொகுதிகளை அடியொற்றி விரிக்கப்பட்டவை. உழைப்பு மிச்சமாகிறது, படிநிலையும் உடன் வந்துவிடுகிறது. அதன்மேல் பெற்ற எண்ணைத் தமிழ்ச்சொற்களின் ஒப்புமை என ஆய்வேடுகள் அறிவிப்பது ஏற்கத்தக்கதன்று. எண்ணை வெளியிடுவோர் படிநிலையையும் அதன் பகுப்பு அடிப்படையையும் உடன் வெளியிட வேண்டும். ரூபன்ஸ்டைன், குடினஃப் ஆகியோர் 1965இல் 65 ஆங்கிலப் பெயர்ச்சொல் இணைகளை மனிதர் மதிப்பீட்டுக்கு உட்படுத்தினர். அப்பட்டியலை மொழிபெயர்த்துக்கொள்வது பயன் தராது. பனை–மூங்கில், பனை–வேம்பு போன்ற இணைகள் அமைந்த தமிழ்ப் பட்டியல் தேவை. அதனை மதிப்பிடுவோருள் மாணவர்களோடு பனையேறுவோரும் இடம்பெற வேண்டும்.