மாலை யாருக்குச் சொந்தம்?

“நாள் முழுக்கக் காட்டிலே காயறவனுக்கு ஒரு சினிமா, அப்புறம் ஒரு ஒயின் ஷாப்பு, அங்கேயே கொஞ்சம் சாப்பாடு. இதுகூடக் கூடாதா?” என்று என்னைக் கேட்கிறார்கள். கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? காட்டிலே காய்கிறவன் சரி, காய்கிறவள் எங்கே போனாள் என்றுதான் கேட்கிறேன்.

செட்டிகுளத்துக்கு வந்து பாருங்கள். பெரம்பலூர்ச் சீமை சின்ன வெங்காயத்துக்குப் பெயர் போனது. களை எடுப்பதும், பிடுங்கிய வெங்காயத்தைக் குவித்து வைத்துக்கொண்டு தாளை அரிந்து சுத்தம் செய்வதும் பெரும்பாலும் பெண்கள்தாம். விரலில் அந்த வாசனை மாறாமலே வீடு திரும்புகிறவளுக்கு அடுப்பு காத்திருக்கிறது. அவள் புருஷனுக்கோ டவுனில் தியேட்டர் காத்திருக்கிறது. தியேட்டர் விட்டால் பார். மோட்டார் சைக்கிளை எடுத்தால் ஆலத்தூர் கேட், அதைத் தாண்டினால் நெடுஞ்சாலை. வெயில் இரண்டு பேருக்கும் பொது. மாலை மட்டும் அவனுடையது.

டூரிங் டாக்கீஸ் காலம் பொற்காலம் என்று கண்ணீர் விடுகிற ஜாதியல்ல நான். ஆனால் அந்தக் கொட்டகையின் மண் தரையில் பெண்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கித் தடுப்புக் கட்டியிருந்தார்கள். கைக்குழந்தையும் கட்டுச்சோறுமாகக் குடும்பமே வண்டி கட்டிக்கொண்டு போயிற்று. தடுப்பு அநாகரிகமாகவே இருக்கட்டும். அதற்கு அந்தப் புறம் அவளுக்கும் ஓரிடம் இருந்தது அல்லவா? இன்றைய பாரில் தடுப்புக்கே அவசியமில்லை. அவள் அந்தத் தெருப் பக்கமே வருவதில்லை.

‘ஒயின் ஷாப்’ என்ற பெயரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே திராட்சை ரசம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். விற்பது பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து வடித்த சாராயச் சத்துக்குச் சாயமும் வாசனையும் சேர்த்து, பிராந்தி என்றும் ரம் என்றும் பெயரிட்ட சரக்கு. செட்டிகுளத்து மலைமேல் தண்டாயுதபாணி கையில் கரும்போடு நிற்கிறார். பிள்ளை வரம் வேண்டியவர்கள் கரும்பிலே தொட்டில் கட்டி வருகிறார்கள். அதே கரும்பு கடையில் வேறு வேஷத்தில் நிற்கிறது. பிரான்சிலும் இத்தாலியிலும் ஒயின் குடிக்கவில்லையா என்று படித்தவர்கள் கேட்பார்கள். குடிக்கிறார்கள். அது நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு போதை. நம் பாட்டிலில் 42.8. அங்கே சாப்பாட்டு மேஜையில், மனைவி எதிரே இருக்க, மணிக்கணக்கில் குடிக்கிறார்கள். இங்கே 180 மில்லியைப் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, யாரோ துரத்துகிற மாதிரி. இதை ‘சாப்பாடு’ என்கிறவன் சாப்பாட்டைக் கண்டதில்லை.

அந்நிய தேசம் எதற்கு? அதியமானும் ஔவையும் கூடி அமர்ந்து கள் உண்ட சேதி புறநானூற்றிலேயே இருக்கிறது. ஓர் அரசனின் மாலையில் ஒரு பெண் புலவருக்குப் பங்கு இருந்தது. (கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியதும் எனக்குத் தெரியும், யாரும் கடிதம் எழுத வேண்டாம்.)

1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். 1971-ல் அது தளர்ந்தது, 1974-ல் திரும்பியது, 1981-ல் மறுபடி போயிற்று. 2003-ல் சில்லறைக் கடையையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 2023–24-ல் இதன் வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். நீலகிரியில் 2022-ல் ஆரம்பித்துப் பிறகு பெரம்பலூருக்கும் வந்த ஒரு திட்டத்தின்படி, பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருகிறார்கள். நல்ல காரியம். காலிப் பாட்டில் பத்திரமாகத் திரும்பி வர வழி கண்ட மூளைக்கு, அதைக் காலி செய்தவன் பத்திரமாக வீடு திரும்ப ஒரு வழி தோன்றவில்லை.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயத்துக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்கள் பலியானபோது, மாநிலத்தில் கடைகள் திறந்துதான் இருந்தன. கடை திறந்திருப்பது விஷத்துக்கு வேலி என்ற வாதம் அன்றே செத்துப் போயிற்று. அதற்காக, மூடிவிட்டால் நாடு புனிதமாகிவிடும் என்கிற கட்சியிலும் நான் இல்லை. மூடிய கடைக்கு முன்னாலும் அவளுக்கு மாலை இல்லை.

நெடுஞ்சாலை ஓரக் கடைகளை அகற்றச் சொல்லி 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அகற்றிய கடைகளை ஊருக்குள் கொண்டு வரப் பார்த்தபோது, 2017-ல் தெருவில் வந்து உட்கார்ந்தவர்கள் யார்? பெண்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஒருத்தி போலீஸ் அதிகாரியிடம் கன்னத்தில் அறையும் வாங்கினாள். ஒழுக்கப் பிரசங்கம் செய்ய அவர்கள் வரவில்லை. வீட்டுக்கு வர வேண்டிய ஆளும் கூலியும் எங்கே நின்றுவிடுகின்றன என்று அவர்களுக்குத் தெரியும்.

“அப்படியானால் பொம்பளைங்களும் பாருக்கு வரணுமா சார்?” என்று ஓர் இளைஞர் கேட்டார். வரவேண்டாம் தம்பி. எங்கே வரலாம் என்று நீங்களே சொல்லுங்கள். செட்டிகுளத்தில் பொழுது சாய்ந்தபின் ஒருத்தி தன் பிள்ளையோடு காசு கொடுக்காமல் போய் உட்கார, கோயில் பிராகாரத்தைத் தவிர, எது இருக்கிறது? அதற்கும் நடை சாத்துகிற நேரம் உண்டு. கடை இரவு பத்து மணி வரை.